பெயர் சொல்லாத விஞ்ஞானி

ஐன்ஸ்டீனைத் தெரியாதவர் நம்மில் யாருமில்லை. அவரோடு பழகிய டேவிட் போமைப் பற்றி நான் எழுதுகிறேன்.

1917-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் மரச்சாமான் கடைக்காரர் மகனாகப் பிறந்தார். ஓப்பன்ஹைமரின் மாணவர். போர்க்காலத்தில் அவர் போட்ட கணக்கையே ரகசியம் என்று அரசு பூட்டிவிட, சொந்த ஆய்வேட்டை எழுத அவருக்கே அனுமதியில்லை! ஓப்பன்ஹைமரின் சிபாரிசில்தான் 1943-ல் டாக்டர் பட்டம் கிடைத்தது.

1949-ல் நாடாளுமன்ற விசாரணைக் குழு கூப்பிட்டு, கூட இருந்தவர்களில் யார் யார் கம்யூனிஸ்ட் என்று கேட்டது. மனுஷன் வாயே திறக்கவில்லை. 1950-ல் கைது, 1951-ல் விடுதலை. ஆனாலும் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக வேலை போச்சு. பிரேசிலுக்குப் போனார், அங்கே பாஸ்போர்ட்டும் பறிபோனது.

அந்த நிலையிலும் 1952-ல் புதிய குவாண்டம் விளக்கம் தந்தார். எலக்ட்ரானுக்கு எப்போதும் திட்டமான இடம் உண்டு, ஓர் அலை அதை நடத்திச் செல்கிறது என்றார். ஐன்ஸ்டீனுக்கே அது பிடிக்கவில்லை. ஆனால் அதைப் படித்த ஜான் பெல் 1964-ல் தம் தேற்றத்தைத் தந்தார். அதைச் சோதித்தவர்களுக்கு 2022-ல் நோபல்!

1961-ல் லண்டன் பர்க்பெக் கல்லூரிப் பேராசிரியரானார். மதனப்பள்ளியில் பிறந்த ஜே.கிருஷ்ணமூர்த்தியோடு பல ஆண்டுகள் மனம், சிந்தனை பற்றி உரையாடினார். பொருளும் மனமும் ஒரே முழுமையின் பகுதிகள் என்பதை 1980-ல் நூலாக்கினார். 1992-ல் மறைந்தார்.

வேலை போனாலும் நண்பரைக் காட்டிக் கொடுக்கவில்லை; பெரியவர்கள் ஒதுக்கினாலும் கணக்கைக் கைவிடவில்லை. அவர் இயற்பியலைவிட எனக்கு இதுதான் பெரிசாத் தோணுது. உங்களுக்கு?