தோம்ரேமி கிராமத்துச் சிறுமி

புனித ஜோன் ஆஃப் ஆர்க் என்றவுடன், கவசம் பூண்டு, கையில் கொடி ஏந்தி, குதிரைமீது வீற்றிருக்கும் வீராங்கனையே நம் மனக்கண்முன் தோன்றுகிறாள். புதுச்சேரிக்குச் சென்றவர்கள், கப்ஸ் கோயில் என்று மக்கள் அழைக்கும் சம்மனசுகளின் அன்னை ஆலயத்துக்கு எதிரே அவளுடைய சிலையைப் பார்த்திருப்பீர்கள். ஆனால் அவள் போர்க்களத்தில் இருந்தது ஓராண்டுக்குச் சற்றே அதிகமான காலம்தான். அதற்கு முன் ஏறக்குறைய பதினேழு ஆண்டுகள் அவள் ஒரு குடியானவரின் மகள். மாணவியரே, அந்தப் பதினேழு ஆண்டுகளைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன்.

பிரான்சு நாட்டின் கிழக்கே, மியூஸ் ஆற்றங்கரையில் உள்ள சிற்றூர் தோம்ரேமி. அங்கே 1412-ஆம் ஆண்டு வாக்கில் ஜாக் தார்க், இசபெல் தம்பதியருக்கு ஜோன் பிறந்தாள். தன் வயது இன்னது என்று அவளுக்கே திட்டமாகத் தெரியாது. இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே 1337-இல் மூண்ட போர் அவள் பிறக்கும்போது எழுபத்தைந்து ஆண்டுகளைக் கடந்திருந்தது. இடையிடையே ஓய்ந்தாலும் முடிந்தபாடில்லை. நிலையான சமாதானம் எப்படியிருக்கும் என்பதை அவ்வூர்ப் பெரியவர்களே அறிந்திருக்க மாட்டார்கள். குழந்தைகள் எங்கே அறிவார்கள்?

அந்நியரோடு மட்டும் நடந்த போர் என்றால்கூட மனம் ஒருவாறு ஆறலாம். 1419-இல் பர்கண்டிப் பிரபு கொலையுண்டபின், அவர் மகன் ஆங்கிலேயரோடு சேர்ந்துகொண்டார். நாடு இரண்டாகப் பிளந்தது. தோம்ரேமி மக்கள் இளவரசர் சார்லஸ் பக்கம். ஆற்றுக்கு அக்கரையிலிருந்த மாக்சே கிராமத்தினர் பர்கண்டியர் பக்கம். பெரியவர்களின் பகை பிள்ளைகளையும் விடவில்லை. இரண்டு ஊர்ச் சிறுவர்களும் அடித்துக்கொள்வார்கள். தன் ஊர்ப் பையன்கள் காயம்பட்டு இரத்தம் ஒழுகத் திரும்பி வருவதைச் சிறுமி ஜோன் பார்த்திருக்கிறாள்.

ஆற்றின் நடுவே ஒரு தீவும், அதில் பாழடைந்த சிறு கோட்டையும் இருந்தன. 1420 வாக்கில் ஜோனின் தந்தையும் இன்னும் சிலரும் சேர்ந்து அதை ஒன்பது ஆண்டுகளுக்குக் குத்தகைக்கு எடுத்தார்கள். எதற்காக? படைவீரர்கள் வருகிறார்கள் என்ற செய்தி எட்டியதும் ஊர் மாடுகளை அங்கே ஓட்டிப்போய் அடைப்பதற்காகத்தான். அப்படி ஓட்டிச் செல்ல ஜோனும் உதவியிருக்கிறாள். 1423-இல், கொள்ளையடிக்காமல் இருப்பதற்காக, அண்டைப் பகுதிப் பிரபு ஒருவருக்கு வீட்டுக்கு இவ்வளவு என்று பணம் கட்ட ஊரார் இசைந்தார்கள். அப்படியும் 1425-இல் வேறொரு கூட்டத்தார் கால்நடைகளை ஓட்டிக்கொண்டு போனார்கள். அவை பிறகு மீட்கப்பட்டன என்பது ஆறுதல். இன்றிருக்கும் மாடு நாளை இருக்குமா என்று தெரியாத வீட்டில் வளர்ந்த பெண் அவள்.

இத்தகைய வாழ்வை அவள் எப்படித் தாங்கினாள்? அதற்கென்று அவள் தனியாக ஒன்றும் செய்ததாகத் தெரியவில்லை. நூல் நூற்றாள், தைத்தாள், களை பறித்தாள், வீட்டு வேலை செய்தாள். எழுதப் படிக்கத் தெரியாது. செபங்களை அன்னை வாய்மொழியாகக் கற்பித்தார். நூற்பதிலும் தையலிலும் தனக்கு நிகர் யாருமில்லை என்று அவளுக்குச் சிறிது பெருமையும் உண்டு. அதையும் சொல்லிவிடுகிறேன், புனிதர்களைச் சித்திரப் பதுமைகளாக்குவதில் எனக்கு விருப்பமில்லை. ஆலய மணி அவளுக்கு உயிர். மாலை மணியை அடிக்க மறந்த கோயில் பணியாளரைக் கடிந்துகொண்டு, ஒழுங்காக அடித்தால் பரிசு தருவதாகவும் சொன்னாளாம். எதுவும் நிச்சயமில்லாத ஊரில், வேளை தவறாமல் ஒலிக்க வேண்டியது அந்த மணி ஒன்றுதானே! வழிப்போக்கரான ஏழைகளுக்குத் தன் படுக்கையைக் கொடுத்துவிட்டு அடுப்பங்கரையில் படுத்துக்கொள்வாள். பக்கத்து வீட்டுச் சிறுவன் நோயுற்றபோது அவனருகே இருந்து தேற்றினாள்.

பதின்மூன்று வயதில், கோடைக்கால நண்பகலில், தந்தையின் தோட்டத்தில் முதன்முதலாக அவள் வானகக் குரலைக் கேட்டாள். அச்சமே மேலிட்டது. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் பெற்றோரின் உள்ளம் எதையோ உணர்ந்தது போலும். மகள் படைவீரர்களோடு புறப்பட்டுப் போவதாகத் தந்தை கனவு கண்டார். அப்படி நடக்குமானால் அவளை ஆற்றில் மூழ்கடித்துவிடும்படி மகன்களிடம் சொல்லுமளவுக்குக் கலங்கினார். அவருடைய கடுமையை நான் நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் படைவீரர் நடுவே பெண்களுக்கு என்ன நேரும் என்பதை அறிந்த தகப்பனின் நடுக்கம் அது.

1428 ஜூலையில் பர்கண்டியர் படை நெருங்கியது. ஊரே மாடுகளை ஓட்டிக்கொண்டு நெஃப்ஷாத்தோ நகருக்கு ஓடிற்று. ஜோனின் குடும்பம் ஒரு சத்திரத்தில் தங்கியது. அகதியாகப் போன இடத்திலும் அவள் கைகட்டி உட்காரவில்லை. சத்திரக்காரப் பெண்மணிக்கு வேலைகளில் உதவினாள். திரும்பி வந்தபோது ஆலயம் எரிந்து கிடந்தது. திருப்பலிக்கு அடுத்த ஊருக்கு நடக்க வேண்டியதாயிற்று. அவள் நேசித்த மணியோசை கேட்ட இடத்தில் கரிதான் மிஞ்சியிருந்தது.

ஏறக்குறைய அக்காலத்தில்தான் ஒரு வாலிபன், தன்னை மணப்பதாக ஜோன் வாக்களித்ததாகத் தூல் நகரத் திருச்சபை நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தான். அவள் தானே நீதிபதிமுன் நின்று, வாக்களிக்கவில்லை என்று ஆணையிட்டு வென்றாள். அந்த மண விஷயத்திலும், வீட்டைவிட்டுப் போனதிலும் தவிர வேறெதிலும் அவள் பெற்றோரை மீறியதில்லை.

1429 சனவரியில் உறவினர் லக்ஸார் வந்தார். அவர் மனைவியின் பேறுகாலத்துக்கு உதவி என்பது வீட்டில் சொன்ன காரணம். ஜோன் புறப்பட்டாள். பிறகு நடந்தவை எல்லாரும் அறிந்தவை: மே 8-இல் ஓர்லேயான் நகர முற்றுகை நீங்கியது, ஜூலை 17-இல் ரேம்ஸ் நகரில் சார்லஸ் முடிசூடினார். முடிசூட்டு விழாவுக்குத் தந்தையும் வந்திருந்தார். அம்மாத இறுதியில் தோம்ரேமிக்கு வரி நீக்கப்பட்டது. மறு ஆண்டு மே மாதம் அவள் சிறைப்பட்டாள். 1431 மே 30-இல் ரூவான் நகரில் உயிரோடு எரிக்கப்பட்டாள். வயது பத்தொன்பது இருக்கலாம்.

அவளுடைய இளமையைப் பற்றி நாம் இவ்வளவு அறிய முடிவதற்குக் காரணம் அவளுடைய தாய். வயது முதிர்ந்த இசபெல் 1455-இல் பாரீஸ் நோத்ருதாம் பேராலயத்துக்கு வந்து, மகள்மீது சுமத்தப்பட்ட பழியை நீக்கும்படி மன்றாடினார். அதன்பின் 1456-இல் விசாரணையாளர்கள் தோம்ரேமிக்கே வந்து ஊராரைக் கேட்டார்கள். மணியடித்தவரும், நோயுற்றுக் கிடந்த அந்தச் சிறுவனும் இப்போது வயது வந்தவர்களாகச் சாட்சி சொன்னார்கள். அவ்வாண்டு ஜூலை 7-இல் பழைய தீர்ப்பு ரத்தாயிற்று. 1920-இல் திருச்சபை அவளைப் புனிதையாக உயர்த்தியது.

சாட்சிகளில் ஓவியெத் என்ற பெண்ணும் ஒருத்தி. சிறுவயதில் ஜோனின் வீட்டில் அவளோடு ஒரே படுக்கையில் உறங்கிய தோழி. ஊரைவிட்டுப் போகும்போது மெங்ஜெத் என்ற மற்றொரு தோழியிடம் விடைபெற்ற ஜோன், ஓவியெத்திடம் மட்டும் சொல்லிக்கொள்ளவில்லை. நாற்பத்தைந்து வயதான ஓவியெத் விசாரணையாளர்கள்முன் வந்து, ஜோன் புறப்பட்டது தனக்குத் தெரியவே தெரியாது என்றும், கேள்விப்பட்டபோது மிகவும் அழுததாகவும், அவளை அவ்வளவு நேசித்ததாகவும் சொல்லிவிட்டுப் போனாள்.