டாரதி ஸேயர்ஸ் அம்மையார்

இங்கிலாந்து தேசத்து ஆக்ஸ்போர்டு நகரில், 1893ஆம் ஆண்டில், குருவானவர் ஒருவரின் ஏக புத்திரியாய்ப் பிறந்தவர் டாரதி ஸேயர்ஸ் அம்மையார். அந்நகரின் சாமர்வில் கல்லூரியில் 1915இல் கல்வியை முடித்தார். எனினும் மாதர்க்குப் பட்டமளிக்கச் சர்வகலாசாலை 1920 வரை இசையவில்லை. பின்னர்த் துப்பறியும் நாவல்களால் பெரும்புகழ் எய்தினார்.

உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த 1940இல், பி.பி.சி. நிலையத்தார் கிறிஸ்து பெருமானின் சரிதையைச் சிறுவர்க்கு வானொலி நாடகமாக்கித் தருமாறு அவரை வேண்டினர். பெருமானை மேடையில் நடித்துக் காட்டுதல் விலக்கப்பட்டிருந்த காலம் அது. அம்மையாரோ மீனவரையும் ஆயக்காரரையும் வீட்டிலும் வீதியிலும் வழங்கும் மொழியிலேயே பேசவைத்தார். தேவதூஷணமெனக் கூக்குரல் எழுந்தது. தடைவிதிக்க வேண்டிப் பிரதம மந்திரிக்கும் விண்ணப்பங்கள் சென்றன. அம்மையார் பின்வாங்கினாரல்லர்.

1941 டிசம்பர் 21, ஞாயிற்றுக்கிழமையன்று முதல் நாடகம் ஒலிபரப்பாயிற்று. ஏறக்குறைய நான்கு வாரங்களுக்கு ஒரு ஞாயிறாக, 1942 அக்டோபரில் பன்னிரண்டும் நிறைவெய்தின. விமானத் தாக்குதலுக்கு அஞ்சி இரவில் ஜன்னல்களுக்குக் கருந்திரையிட்ட இல்லங்களில், குடும்பத்தார் ரேடியோப் பெட்டியைச் சூழ்ந்திருந்து, ஏட்டில் அறிந்த சரிதையை அண்டை வீட்டார் பேச்சுப்போற் கேட்டனர்.

தாந்தேயின் காவியத்தை ஆங்கிலத்தில் பெயர்த்து வந்த அவர், அது முற்றுப்பெறுமுன் 1957இல் மறைந்தார்.

செந்தமிழின் அருமையை விரும்பிப் பயிலும் நாம், பேச்சுமொழியும் உயர்பொருளைத் தாங்கவல்லது என்பதை அவர்பால் கற்றல் தகும்.