காரீயக் கல்லில் அலையைப் பிடித்த ஜகதீஸ் சந்திர போஸ்

மின்கலமோ மின்சாரமோ இன்றி வானொலி கேட்கலாம் என்றால் இன்றைய மாணவர்கள் நம்பத் தயங்குவர். கடதாசிக் குழாயொன்றில் செப்புக்கம்பியைச் சுற்றிய சுருள், மாறும் கொள்ளளவி, ஒரு டயோட், உயர் தடையுள்ள காதொலிப்பான், நீண்ட வான்கம்பி, நிலத்தொடுப்பு ஆகியவையே அதற்குப் போதும். உப்புநீர்ப் பரப்பின் மீது மத்திய அலை அதிகம் நலியாது பயணிப்பதால், சிலாவத்துறை போன்ற கடலோரக் கிராமங்கள் இம்முயற்சிக்கு ஏற்ற இடங்களே.

இந்தச் சுற்றின் உயிர்நாடி டயோட். மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் செல்லவிட்டு, அலை சுமந்துவரும் ஒலியைப் பிரித்தெடுப்பது அதுவே. அதன் மூதாதை கலீனா எனும் காரீயத் தாதுப் பளிங்கு. அதனைக் கொண்டு வானொலி அலையை உணரும் கருவிக்கு முதன்முதலில் காப்புரிமை பெற்றவர் ஒரு வங்காளியர் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

ஜகதீஸ் சந்திர போஸ் 1858 நவம்பர் 30இல் பிறந்தார். தந்தை பகவான் சந்திரர் அரச உயர் பதவியில் இருந்தும் மகனை ஆங்கிலப் பாடசாலைக்கு அனுப்பவில்லை; தாய்மொழிப் பாடசாலையிலேயே சேர்த்தார். அங்கே அவருக்கு வலப்புறம் தந்தையின் முஸ்லிம் ஊழியரின் மகனும் இடப்புறம் ஒரு மீனவரின் மகனும் அமர்ந்திருந்தனர். நீர்வாழ் உயிர்களைப் பற்றி அவர்கள் சொன்ன கதைகளே இயற்கையை ஆராயும் ஆர்வத்தைத் தமக்கு ஊட்டின எனப் பிற்காலத்தில் அவர் நினைவுகூர்ந்தார். மீனவரும் முஸ்லிம்களும் அருகருகே வாழும் நமது கரையோரத்தவருக்கு அந்த வகுப்பறை அந்நியமானதன்று.

1885இல் கல்கத்தா பிரசிடென்சிக் கல்லூரியில் அவர் ஆசிரியரானார். ஐரோப்பியரிலும் குறைவாகவே இந்தியருக்கு ஊதியம் என்பதை ஏற்காது, மூன்றாண்டுகள் சம்பளத்தைத் தொடாமலே கற்பித்தார். கடன் சுமை இருந்தும் பணியவில்லை. ஈற்றில் நிர்வாகம் முழு ஊதியத்தையும் நிலுவையுடன் வழங்கிற்று. நல்ல ஆய்வுகூடம் கிடையாத நிலையில், உள்ளூர்க் கைவினைஞரைக் கொண்டு கருவிகளைச் செய்வித்தே சில மில்லிமீற்றர் நீளமுள்ள அலைகளை ஆராய்ந்தார். கல்கத்தா நகர மண்டபத்தில் சுவர்களை ஊடுருவிச் சென்ற அலையினால் மணியை ஒலிக்கச் செய்து வெடிமருந்தையும் பற்றவைத்துக் காட்டினார்.

கண்டுபிடிப்பைக் காசாக்குவதை அவர் விரும்பவில்லை. நண்பர்களின் வற்புறுத்தலால் 1901இல் அமெரிக்காவில் விண்ணப்பித்த காப்புரிமை 1904இல் கிடைத்தும், அதனைப் பயன்படுத்தாது காலாவதியாக விட்டுவிட்டார். 1909இல் நோபல் பரிசு மார்க்கோனிக்கும் பிரவுணுக்கும் சென்றது. போஸின் பெருந்தன்மையை மதிக்கிறோம்; எனினும் உரிமையைக் கைவிட்டதால் அவரது பெயர் நெடுங்காலம் பின்தள்ளப்பட்டது என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

பின்னர் தாவர ஆய்வில் ஈடுபட்ட அவர், 1917இல் கல்கத்தாவில் தம் பெயரிலான ஆய்வு நிறுவனத்தை அமைத்தார். 1937 நவம்பர் 23இல் காலமானார். இன்று கலீனாவின் இடத்தை சிறு ஜேர்மானியம் டயோட் எடுத்துக்கொண்டுள்ளது. செய்யும் வேலை அதுவேதான்.