மிதிவண்டிச் செம்மல் வெலோசியோ

இன்று நம் தெருக்களில் ஓடும் மிதிவண்டிகள் பலவற்றில், பின்சக்கரத்தின் அச்சில் பல்சக்கரங்கள் சில அடுக்கடுக்காக அமைந்திருக்கக் காண்கிறோம். மேட்டில் ஏறும்போது சிறுவன் ஒருவன் கைப்பிடியை அடுத்துள்ள விசையை விரலால் தள்ளுகிறான். சங்கிலி ஒரு பல்சக்கரத்தை விட்டு மற்றொன்றுக்கு மாறுகிறது. அவனும் களைப்பின்றி மேட்டைக் கடந்து செல்கிறான். இவ்வசதி உலகிற்கு எளிதில் கிடைத்ததன்று. இதன் பொருட்டு நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக ஆராய்ந்தும், எழுதியும், வாதிட்டும் உழைத்த பெரியார் ஒருவர் பிரான்சு நாட்டில் வாழ்ந்தார். பெற்றோர் அவருக்கு இட்ட பெயர் பால் தெ விவி என்பதாகும். ஆயினும், வெலோசியோ என்னும் புனைபெயராலேயே மிதிவண்டி உலகம் அவரை அறிந்து போற்றுகிறது.

இளமையும் தொழிலும்

வெலோசியோ 1853ஆம் ஆண்டு, தென்பிரான்சில் புரோவான்சு என்னும் வளமிக்க பகுதியில் உள்ள பெர்ன் என்ற சிற்றூரில் பிறந்தார். அவ்வூருக்கு அண்மையில் வாந்தூ என்னும் மலை 1900 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கின்றது. அம்மலையைப் பார்த்து வளர்ந்தவர் பிற்காலத்தில் மலைவழிகளின் காதலராக விளங்கியதில் வியப்பில்லை. அவர் நற்கல்வி பெற்றவர். பண்டை இலக்கியங்களில் பெருவிருப்பம் உடையவர். கல்வி முடிந்தபின் பட்டு வாணிகத்தில் ஈடுபட்டு, அத்துறையில் நல்ல நிலையை அடைந்தார்.

1881ஆம் ஆண்டு அவர் தம் முதல் மிதிவண்டியை வாங்கினார். அக்காலத்து வண்டி இன்றைய வண்டியைப் போன்றதன்று. அதன் முன்சக்கரம் ஆள் மார்பளவு உயர்ந்திருக்கும். பின்சக்கரம் மிகச் சிறியதாக இருக்கும். மிதிகள் முன்சக்கரத்தின் அச்சிலேயே பொருந்தியிருக்கும். சிறு கல் தடுக்கினாலும் ஏறியிருப்பவர் தலைகுப்புற விழ நேரிடும். அத்தகைய வண்டியிலேயே அவர் நெடுந்தொலைவு சென்று பழகினார். வண்டியின் மீது அவருக்கு எழுந்த ஆர்வம் நாளுக்கு நாள் வளர்ந்தது.

சேந்த் எத்தியென் நகரம்

பிரான்சு நாட்டின் நடுப்பகுதிக்குத் தென்கிழக்கே சேந்த் எத்தியென் என்னும் தொழில் நகரம் உள்ளது. நிலக்கரிக்கும், பட்டு நாடாக்களுக்கும், படைக்கலங்களுக்கும் பெயர்பெற்ற அந்நகரைச் சுற்றி மலைகள் சூழ்ந்துள்ளன. வெலோசியோ அந்நகரில் குடியேறினார். 1887ஆம் ஆண்டு அவர் பட்டு வாணிகத்தை விட்டுவிட்டு, மிதிவண்டிக் கடை ஒன்றைத் திறந்தார். வருவாய் மிக்க தொழிலை விட்டு, மக்கள் விளையாட்டுப் பொருளாகக் கருதிய ஒன்றை நம்பி இறங்குவதற்குப் பெருந்துணிவு வேண்டும் அன்றோ? அதே ஆண்டில் அவர் மிதிவண்டிச் செய்திகளுக்கென ஓர் இதழையும் தொடங்கினார். பின்னர் லெ சிக்லிஸ்த் எனப் பெயர்பெற்ற அவ்விதழில்தான் வெலோசியோ என்னும் புனைபெயர் நிலைத்தது.

அந்நாளில் மிதிவண்டித் தொழிலில் தலைசிறந்து விளங்கியது இங்கிலாந்து. அந்நாட்டுக் காவென்றி நகரிலிருந்து அவர் வண்டிகளை வரவழைத்து விற்றார். பிறர் செய்ததை விற்பதோடு அவர் உள்ளம் அமையவில்லை. 1889ஆம் ஆண்டு லா கோலுவாஸ் என்னும் பெயரால் தாமே ஒரு வண்டியைச் செய்து வெளியிட்டார். ஆயினும் அவ்வண்டிக்கும் அக்காலத்து மற்ற வண்டிகளைப் போலவே ஒரே ஒரு வேகவிகிதம் இருந்தது.

மலை கற்பித்த பாடம்

சேந்த் எத்தியென் நகரினின்று தெற்கே செல்லும் சாலை, கிராண் புவா என்னும் கணவாயை நோக்கி ஏறுகின்றது. அக்கணவாயின் உயரம் 1161 மீட்டர். வெலோசியோ தம் புதிய வண்டிகளை அச்சாலையிலேயே சோதித்துப் பார்த்தார். ஒருநாள் அவர் தம் முழு வலிமையையும் செலுத்தி, வியர்வை சிந்த மேலேறிக் கொண்டிருந்தார். அப்பொழுது அவர் இதழைப் படிக்கும் இளைஞர் ஒருவர், புகைக்குழாயை வாயில் வைத்தவண்ணம் எளிதாக அவரை முந்திச் சென்றார் என்பர்.

வேறொருவராயின் நாணமோ சினமோ அடைந்திருப்பர். வெலோசியோ சிந்தனையில் ஆழ்ந்தார். தம் வண்டியின் விகிதம் மேட்டிற்குப் பொருந்தாது என்பது அவருக்குத் தெளிவாயிற்று. விகிதத்தைக் குறைத்தால் மேட்டில் எளிதாக ஏறலாம். ஆனால் சமவெளியில் விரைந்து செல்ல இயலாது. ஆகவே ஒரு வண்டிக்கு ஒரே விகிதம் போதாது என்ற முடிவிற்கு அவர் வந்தார்.

இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். மிதியோடு சுழலும் முன் பல்சக்கரத்தில் 48 பற்களும், பின்சக்கரத்தோடு சுழலும் பல்சக்கரத்தில் 16 பற்களும் உள்ளன என்று கொள்வோம். மிதி ஒருமுறை சுழன்றால் பின்சக்கரம் மூன்றுமுறை சுழலும். வண்டி ஏறத்தாழ 6 மீட்டர் முன்னே செல்லும். இது சமவெளிக்கு ஏற்றது. இரு பல்சக்கரங்களிலும் 24 பற்களே இருப்பின், மிதி ஒருமுறை சுழலப் பின்சக்கரமும் ஒருமுறையே சுழலும். வண்டி 2 மீட்டர் அளவே செல்லும். தொலைவு குறையினும், ஒவ்வொரு மிதிப்பிற்கும் வேண்டிய விசையும் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். செங்குத்தான மேட்டில் தளராமல் ஏறுவதற்கு இதுவே வழி. ஒரே வண்டியில் இவ்விரண்டையும் அமைப்பது எப்படி என்பதே வெலோசியோவின் முன் நின்ற வினா.

முதலில் அவர் முன்னே இரண்டு பல்சக்கரங்களை அமைத்தார். மேடு வந்ததும் வண்டியை விட்டு இறங்கிச் சங்கிலியைக் கையால் எடுத்து மாற்றினார். பின்னர் வண்டியின் மற்றொரு பக்கத்திலும் அவ்வாறே அமைத்து, நான்கு விகிதங்களைப் பெற்றார். இறங்காமலேயே சங்கிலியை மாற்றும் பொறிகள் பிறகு தோன்றின. இங்கிலாந்திலும் பிரான்சிலும் பலர் இத்துறையில் உழைத்தனர். அவர்கள் செய்தவற்றையெல்லாம் வெலோசியோ தாமே மலைமீது ஓட்டிப் பார்த்தார்; அவற்றின் குறைநிறைகளை நடுநிலையோடு எழுதினார். தாம் கண்டறிந்தவற்றையும் அவர் மறைத்து வைத்துப் பொருள் ஈட்ட முயலவில்லை. அவற்றைத் தம் இதழில் வெளியிட்டு எல்லார்க்கும் பொதுவாக்கினார்.

எதிர்ப்பும் வெற்றியும்

நல்ல கருத்துகள் தோன்றியவுடனே உலகம் அவற்றை ஏற்பதில்லை. விகிதம் மாற்றும் பொறியைப் பலர் எள்ளி நகையாடினர். அவர்களுள் செல்வாக்கு மிக்கவர் ஆன்றி தேகிராஞ்சு என்பவர். 1903ஆம் ஆண்டு தொடங்கிய தூர் தெ பிரான்சு என்னும் புகழ்பெற்ற மிதிவண்டிப் பந்தயத்தை நடத்தியவர் அவரே. வெற்றி தசையின் வலிமையால் வருதல் வேண்டுமேயன்றிப் பொறியின் சூழ்ச்சியால் வருதல் கூடாது என்பது அவர் கருத்து. நாற்பத்தைந்து வயதைக் கடந்தவர்க்கே அப்பொறி தகும் என்றும் அவர் எழுதினார்.

வெலோசியோ இவ்வெதிர்ப்பிற்கு அஞ்சவில்லை. மிதிவண்டி பந்தய வீரர் சிலருக்காக மட்டும் ஏற்பட்டதன்று என்பது அவர் கொள்கை. முதியவரும், பெண்டிரும், உடல் வலிமை குன்றியவரும் மலைகளைக் கடந்து நாட்டைக் கண்டு களிக்க வேண்டும் என அவர் விரும்பினார். மனிதன் வண்டிக்கு ஏற்பத் தன்னை வருத்திக்கொள்வதைவிட, மனிதனுக்கு ஏற்ப வண்டியைத் திருத்துவதே அறிவுடைமை என்று அவர் வற்புறுத்தினார்.

1902ஆம் ஆண்டு பிரான்சு நாட்டுச் சுற்றுலாக் கழகத்தார், பிரனீசு மலைத்தொடரில் 2115 மீட்டர் உயரமுள்ள தூர்மலே கணவாயில் மிதிவண்டிகளுக்குச் சோதனை ஒன்று நடத்தினர். கல்லும் புழுதியும் நிறைந்த வழி அது. மார்த் ஹெஸ் என்னும் பெண்மணி பல விகிதங்கள் அமைந்த கோலுவாஸ் வண்டியில், இறங்கித் தள்ளாமலேயே அம்மலையில் ஏறினார். வெலோசியோவின் நூறு கட்டுரைகள் உணர்த்துவதை அம்மங்கையின் செயல் ஒருங்கே உணர்த்திற்று.

எனினும் பந்தய உலகம் நெடுங்காலம் மனம் மாறவில்லை. பந்தய வீரர்கள் மலையடிவாரத்தில் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டி, மறுபக்கத்துப் பல்சக்கரத்தைக் கொண்டு ஏறி வந்தனர். 1937ஆம் ஆண்டில்தான் தூர் தெ பிரான்சுப் பந்தயத்தில் சங்கிலி மாற்றும் பொறிக்கு இசைவு கிடைத்தது. அதனைக் காண வெலோசியோ உயிரோடு இல்லை.

பயண நெறிகள்

வெலோசியோ கடையில் அமர்ந்து அறிவுரை கூறியவர் அல்லர். விடியற்குமுன் எழுந்து, விளக்கொளியில் வண்டியேறி, இரவு பகலாக நெடுந்தொலைவு செல்வது அவர்க்கு வழக்கம். ஈஸ்டர் திருநாளில் நண்பர் குழாத்தோடு புறப்பட்டு, ரோன் ஆற்றின் பள்ளத்தாக்கு வழியாகத் தாம் பிறந்த புரோவான்சுப் பகுதிக்குச் செல்வார். இளைஞரும் முதியோரும் அவரோடு சேர்ந்து சென்றனர். வழியில் கண்ட காட்சிகளையும், உணவையும், வண்டியின் நிலையையும் அவர் விரிவாக எழுதுவார். தம் உடலையே ஆராய்ச்சிக் கூடமாகக் கொண்டு, எதனை உண்டால் களைப்பு நீங்குகிறது, எவ்விகிதம் எம்மேட்டிற்கு ஏற்றது என்பனவற்றைக் குறித்து வைப்பார்.

அவ்வனுபவத்தினின்று அவர் வகுத்த பயண நெறிகள் இன்றும் பயன்படுவன. பசி வருத்துவதற்கு முன் சிறிது சிறிதாக உண்ணுதல் வேண்டும். தாகம் தோன்றுமுன் நீர் பருகுதல் வேண்டும். குளிர் தாக்குமுன் உடையைப் போர்த்து, வெப்பம் மிகுமுன் அதனைக் களைதல் வேண்டும். உணவும் உறக்கமும் கொள்ளாத அளவிற்கு உடலை வருத்துதல் ஆகாது. தொடக்கத்தில் உள்ள ஊக்கத்தால் விரைந்து சென்று பின்னர்த் தளர்தல் ஆகாது. வழியில் அடிக்கடி நிற்றலும் ஆகாது. பயணத்தின்போது மதுவையும், புலாலையும், புகையையும் நீக்குதல் நலம். இவையெல்லாம் உடலைப் பற்றியன. இறுதியாக அவர் உள்ளத்தைப் பற்றியும் ஒரு நெறி கூறினார். பிறர் காணவேண்டும் என்னும் தற்பெருமைக்காக ஒருபோதும் வண்டி ஓட்டலாகாது என்பதே அது.

பிறர்க்கு உரைத்ததைத் தாமும் கடைப்பிடித்தவர் வெலோசியோ. அவர் மரக்கறி உணவையே உண்டார். எளிய வாழ்க்கை வாழ்ந்தார். உலக மக்கள் அனைவரும் ஒருவரோடொருவர் பேசுதற்கென ஆக்கப்பட்ட எசுபெராந்தோ மொழியையும் அவர் கற்றார். வயது அறுபதைக் கடந்த பின்னும் அவர் கால்கள் ஓயவில்லை.

மறைவும் நினைவும்

1922ஆம் ஆண்டு முதல் அன்பர்கள் ஆண்டுதோறும் ஒருநாள் கூடி, சேந்த் எத்தியென் நகரினின்று கிராண் புவா கணவாய்க்கு ஏறி, அவருக்குச் சிறப்புச் செய்யலாயினர். அதற்கு வெலோசியோ நாள் என்று பெயர். தம் பெயரால் நடந்த அவ்விழாக்களை அவரே கண்டு மகிழ்ந்தார்.

1930ஆம் ஆண்டு, தம் எழுபத்தாறாம் வயதில், அவர் சேந்த் எத்தியென் தெருவொன்றைத் தம் மிதிவண்டியோடு கடந்து கொண்டிருந்தார். எதிரே வந்த மோட்டார் வண்டிக்கு வழிவிடப் பின்வாங்கியபொழுது, டிராம் வண்டி மோதி உயிர் துறந்தார். எண்ணற்ற மலைகளில் ஏறி இறங்கிய பெரியவர் தம் நகரத்துத் தெருவிலேயே மாண்டது கண்டு அன்பர்கள் ஆறாத் துயருற்றனர். அவர் பெரிதும் விரும்பிய கிராண் புவா கணவாயில் நினைவுச் சின்னம் ஒன்றை நிறுவினர்.

அவர் ஈஸ்டர் திருநாளில் இரவு முழுதும் பயணம் செய்ததன் நினைவாக, 1947ஆம் ஆண்டில் வெலோசியோ அம்பு என்னும் பயணம் தொடங்கப் பெற்றது. பல திசைகளினின்றும் சிறு சிறு குழுவினர் 24 மணி நேரத்தில் 360 கிலோமீட்டருக்குக் குறையாமல் வண்டியோட்டித் தென்பிரான்சை நோக்கிச் செல்வர். அதில் முதற்பரிசு பெறுவது நோக்கமன்று. புறப்பட்டவர்கள் ஒன்றாகச் சென்று சேர்வதே நோக்கமாகும்.

வெலோசியோ நாடு வென்ற வேந்தர் அல்லர்; பெருஞ்செல்வம் சேர்த்தவரும் அல்லர். வலியவர்க்கே உரியது எனக் கருதப்பட்ட மலைவழியை மெலியவர்க்கும் திறந்துவிட்டவர் அவர். தம்மை ஒருவர் முந்திச் சென்றபோது மனம் புழுங்காது, அதன் காரணத்தை ஆராய்ந்தமையே அவர் பெருமைக்கு அடிப்படையாயிற்று. மாணவர்களே! மேட்டில் ஏறும்போது உங்கள் வண்டியின் சங்கிலி மெல்ல இடம் மாறும் ஓசையைக் கேட்பீராயின், அவ்வெளிமைக்குப் பின்னே நின்ற அம்முதியவரின் நாற்பதாண்டு உழைப்பை நினைவில் கொள்ளுங்கள். உங்கள் அறிவும் ஆற்றலும் உங்களினும் மெலிந்தார்க்குத் துணையாக அமையும்படி நீங்களும் வாழ முயலுங்கள்.