நீரில் நோயைக் கண்டவர்

வாந்திபேதி எனப்படும் காலரா தூய்மையற்ற நீரினால் பரவுவது என்பதை இன்று பள்ளிச் சிறுவரும் அறிவர். ஆயின் 19ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் இலண்டன் மாநகரின் மருத்துவர் பெருமக்களே அதனை ஏற்க மறுத்தனர். அவர்களிடையே அவ்வுண்மையை நிறுவப் போராடியவர் ஜான் ஸ்நோ. அப்பெருமகனாரின் வாழ்வை ஈண்டுச் சுருங்கக் காண்போம்.

இங்கிலாந்தின் யார்க் நகரில் 1813 மார்ச் 15இல், எளிய தொழிலாளி ஒருவரின் ஒன்பது மக்களுள் மூத்தவராக ஸ்நோ பிறந்தார். பதினான்காம் வயதில் நியூகாசிலில் ஒரு மருத்துவரிடம் தொழில் பயிலச் சேர்ந்தார். 1831-32இல் அப்பகுதியைக் காலரா தாக்கியபோது, கில்லிங்வொர்த் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்க்கு மருத்துவம் செய்தார். 1836இல் இலண்டன் சென்றார். 1844இல் மருத்துவத்தில் உயர்பட்டம் பெற்றார். மயக்க மருந்துத் துறையிலும் புகழ் எய்தினார். 1853இல் விக்டோரியா அரசியின் மகப்பேற்றின்போது குளோரோஃபார்ம் அளித்தவர் அவரே.

அழுகற் பொருள்களிலிருந்து எழும் கெட்ட காற்றே காலராவுக்குக் காரணம் என்பது அக்கால மருத்துவர் கொள்கை. ஸ்நோவோ நோயின் இயல்பைக் கூர்ந்து நோக்கினார். காற்றின்வழி வரும் நஞ்சாயின் அது முதலில் நெஞ்சையன்றோ தாக்க வேண்டும்? இந்நோய் குடலில் அன்றோ தொடங்குகிறது! வாந்தியும் கழிச்சலும் உடலின் நீரை வற்றச் செய்த பின்னரே குருதி தடிக்கிறது, உடல் குளிர்கிறது. எனவே, நோய்க்கரு வாய்வழிப் புகுந்து, குடலில் பெருகி, கழிவின்வழி வெளியேறி, குடிநீரில் கலந்து பிறரை அடைகிறது என முடிவு செய்தார். 1849இல் இக்கருத்தைச் சிறுநூலாக வெளியிட்டார். ஏற்றோர் மிகச் சிலரே.

1854 ஆகஸ்ட் இறுதியில் இலண்டனின் சோஹோ பகுதியில் இந்நோய் கொடுமையாய்ப் பரவிற்று. பத்து நாள்களில் ஐந்நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஸ்நோ இறந்தோர் இல்லங்களுக்குச் சென்று வினவினார். மாண்டவருள் மிகப் பலர் பிராடு தெருவின் அடிகுழாய் நீரைப் பருகியவர். அருகிலேயே இருந்த ஏழையர் இல்லத்திலோ 535 பேருள் ஐவரே இறந்தனர்; அவ்வில்லத்திற்குத் தனிக்கிணறு இருந்தது. தொலைவிலுள்ள ஹாம்ஸ்டெட்டில் ஓர் அம்மையார் இறந்தார். அவர் அத்தெருக்குழாயின் நீரை விரும்பி வரவழைத்துப் பருகி வந்தவர்! ஸ்நோவின் வேண்டுகோளால் செப்டம்பர் 8இல் அக்குழாயின் கைப்பிடி அகற்றப்பட்டது. அதற்கு முன்னரே நோய் தணியத் தொடங்கியிருந்ததையும் அவர் மறைக்கவில்லை.

ஸ்நோவின் கருத்தை முதலில் ஐயுற்ற ஹென்றி வைட்ஹெட் என்னும் பாதிரியார், தாமே ஆராய்ந்து அவர் பக்கம் நின்றார். நோயுற்ற குழந்தையின் துணிகளை அலசிய நீர் கிணற்றையொட்டிய கழிவுக்குழியில் ஊற்றப்பட்டதை வெளிப்படுத்தியவர் அவரே.

எனினும் மருத்துவ உலகின் முழு ஏற்பைக் காணாமலே, 1858 ஜூன் 16இல், தம் நாற்பத்தைந்தாம் வயதில் ஸ்நோ மறைந்தார். இராபர்ட் காக் 1884இல் கல்கத்தாவில் காலரா நுண்ணுயிரைப் பிரித்துக் காட்டினார். அந்நுண்ணுயிர் சுரக்கும் நஞ்சே குடலிலிருந்து நீரை வெளியேற்றுகிறது என்பதை 1959இல் அதே நகரில் சம்பு நாத் டே மெய்ப்பித்தார்.

கண்ணுக்குப் புலப்படாத கிருமியை அதன் செயலால் உய்த்துணர்ந்தவர் ஸ்நோ. பலரும் சொல்வதாலேயே ஒன்றை மெய்யெனக் கொள்ளாது, தெருவில் இறங்கி உசாவி அறிந்த அவர்தம் நெறி, நம் மாணவமணிகள் எத்துறையில் பயிலினும் கைக்கொள்ளத் தக்கதாம்.