மண்குவளையில் தேநீர் குடித்த பந்துவீச்சாளர்

தேநீர்க் கடைகளில் தலித்துகளுக்குச் சிரட்டையும் தனிக் குவளையும் வைத்திருந்த வழக்கத்தைக் கொங்கு வட்டாரத்தில் யாருக்கும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. அதில் குடித்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அதே தனிக் குவளை நூறாண்டுகளுக்கு முன்பு புனே கிரிக்கெட் மைதானத்திலும் இருந்தது. இந்தியாவின் முதல் பெரும் சுழற்பந்து வீச்சாளர் அதில்தான் தேநீர் குடித்தார். அவர் பெயர் பல்வங்கர் பாலூ.

1876-ல் தார்வாடில், தோல் தொழிலோடு பிணைக்கப்பட்ட சமார் சாதிக் குடும்பத்தில் பிறந்தார். புனேயில் பார்சிகளின் கிரிக்கெட் கிளப்பில் மைதானம் பெருக்கி, ரோலர் இழுப்பதுதான் முதல் வேலை. மாதச் சம்பளம் 3 ரூபாய். பிறகு ஐரோப்பியர்களின் பூனா கிளப்பில் 4 ரூபாய்க்குச் சேர்ந்தார். ஆடுகளத்தைச் சீராக்குவதும் வலை கட்டுவதும் போக, வெள்ளைக்காரர்களின் பயிற்சிக்குப் பந்து வீசவும் சொன்னார்கள். அன்றைய சிறந்த மட்டையாளர்களில் ஒருவரான ஜே.ஜி. கிரெய்க், மற்றவர்கள் வருமுன்பே வந்து பாலூவின் இடதுகைச் சுழற்பந்தில் பயிற்சி எடுத்தார். தன்னை அவுட்டாக்கும்போதெல்லாம் எட்டணா கொடுத்தார் என்றும் சொல்வார்கள். ஆனால் அத்தனை பேருக்குப் பயிற்சி தந்த பாலூவின் கையில் ஒருநாளும் மட்டையைக் கொடுக்கவில்லை.

வெள்ளையர் அணியை வெல்லப் புனே இந்துக்களுக்குப் பாலூ தேவைப்பட்டார். சாதி இந்துக்கள் சிலர் எதிர்த்தார்கள். வேறு சிலர் ஆதரித்தார்கள். கடைசியில் சேர்த்துக்கொண்டார்கள். களத்தில் எல்லோரும் ஒரே பந்தைத் தொட்டார்கள். தேநீர் இடைவேளையில் மட்டும் பாலூவுக்குக் கூடாரத்துக்கு வெளியே, குடித்ததும் எறிந்துவிடும் மண்குவளை. சாப்பாடும் தனி. முகம் கழுவ ஒரு தலித் பணியாளர் வந்து தண்ணீர் ஊற்ற வேண்டும். பந்தும் தோலால் ஆனதுதான். அதைத் தொட யாரும் தயங்கவில்லை. அதை வீசியவர் கை பட்ட குவளைதான் தீட்டாகிப்போனது.

சாத்தாராவில் வெள்ளையர் அணியை வீழ்த்தி வந்தபோது, சீர்திருத்தவாதி ரானடே பாலூவுக்குப் பொதுமேடையில் மாலை அணிவித்தார். பிறகு பாலூ பம்பாய்க்குக் குடிபெயர்ந்தார். 1906-ல் பம்பாயில் இந்துக்கள் அணி ஐரோப்பியர்களை 109 ஓட்டங்களில் வென்றதில் அவருக்கும் தம்பி சிவராமுக்கும் பெரும் பங்குண்டு. 1911-ல் பாட்டியாலா மகாராஜா தலைமையில் இங்கிலாந்து சென்ற அணி தோல்வி மேல் தோல்வி கண்டது. பாலூ மட்டும் 114 விக்கெட்டுகள் எடுத்தார். ஊர் திரும்பியவருக்கு பம்பாய் தலித் மக்கள் அளித்த வரவேற்பில், பாராட்டுரையை எழுதியவர் மாணவராக இருந்த அம்பேத்கர்.

இத்தனைக்குப் பிறகும் அணித் தலைமை மட்டும் கிடைக்கவில்லை. 1920-ல் அணித் தேர்வில் தங்கள் குடும்பத்துக்கு இழைக்கப்பட்ட அநீதியைக் கண்டித்து, தம்பிகள் விட்டலும் சிவராமும் வெளிப்படையாக அறிக்கை விட்டு அணியிலிருந்து விலகினார்கள். பொதுமக்கள் அவர்கள் பக்கம் நின்றார்கள். பாலூ துணைத் தலைவராக்கப்பட்டார். இறுதி ஆட்டத்தில் தலைவர் பாய் வேண்டுமென்றே களத்தை விட்டு வெளியேற, சிறிது நேரம் பாலூ அணியை நடத்தினார். 1923-ல் விட்டல் முழுத் தலைவரானார். அவர் தலைமையில் இந்துக்கள் அணி கோப்பையை வென்றது.

பாலூவின் அரசியலையும் மறைக்க வேண்டியதில்லை. தனித்தொகுதிக் கோரிக்கையில் அவர் நம் எம்.சி. ராஜாவைப் போல அம்பேத்கருக்கு எதிர்ப்பக்கம் நின்றார். 1932 புனா ஒப்பந்தத்தில் அம்பேத்கர், ராஜா, இரட்டைமலை சீனிவாசன் ஆகியோரோடு அவரும் கையெழுத்திட்டார். 1937 தேர்தலில் காங்கிரஸ் அவரை அம்பேத்கருக்கு எதிராகவே நிறுத்தியது. அம்பேத்கர் 13,245 வாக்குகள் பெற்று வென்றார், பாலூவுக்கு 11,225. தனக்கு மாலை போட்ட கைகள் ஒருநாள் முழுதாக மாறும் என்று பாலூ நம்பியிருக்கலாம். அந்த நம்பிக்கையைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அவர் வாழ்க்கையே வேறொன்றைச் சொல்கிறது. மாலை கேட்காமலே வந்தது. தலைமையோ, தம்பிகள் வெளியேறிப் போராடிய பிறகுதான் அந்தக் குடும்பத்துக்குக் கிடைத்தது.

முதல்தர ஆட்டங்கள் 33-ல் 179 விக்கெட்டுகள் எடுத்த பாலூ, 1955 ஜூலை 4 அன்று மறைந்தார்.

நம் ஊர் மைதானங்களிலும் ஞாயிறுதோறும் ஆட்டம் நடக்கிறது. பந்து வீச யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று பார்ப்பதோடு நிறுத்திவிட வேண்டாம். ஆட்டம் முடிந்து யார் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தண்ணீர் குடிக்கிறார்கள், அடுத்த ஆட்டத்துக்கு யாரைத் தலைவராக்குகிறார்கள் என்பதையும் பாருங்கள்.