பி.கே. ரோசி: வேடத்திற்கும் விதிக்கப்பட்ட தீண்டாமை

வானூர், திண்டிவனம் வட்டாரத்தில் விடிய விடியத் தெருக்கூத்து பார்த்து வளர்ந்தவர்களுக்கு, ஆண் ஒருவர் பெண் வேடம் கட்டி ஆடுவது புதிதன்று. திரௌபதியாக ஆடுபவர் யார் என்பதை ஊரே அறியும். ஆயினும் ஆட்டம் முடியும்வரை அவர் திரௌபதியே. ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன் திருவனந்தபுரத்தில் ஒரு தலித் பெண் நாயர் பெண்ணாக வேடமேற்றபோது, கலையின் இந்த எளிய நியாயம் அவருக்கு மறுக்கப்பட்டது. அவரே மலையாளத் திரையுலகின் முதல் கதாநாயகி பி.கே. ரோசி.

1903இல் நந்தன்கோட்டில் புலையர் குடும்பமொன்றில் பிறந்த அவரது இயற்பெயர் ராஜம்மா. புல்லறுத்துப் பிழைத்த வறிய வாழ்க்கை. அதற்கிடையே, தமிழும் மலையாளமும் கலந்து ஆடப்படும் காக்காரிசி நாடகத்தைப் பயின்றார். பெண் பாத்திரங்களையும் ஆண்களே ஏற்றுவந்த அம்மேடையில் துணிந்து நடித்தார். திரைப்படம் அவரைத் தேடி வந்தபோது அவர் ஏற்கெனவே ஒரு கலைஞர்.

இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து அகஸ்தீஸ்வரத்தில் பிறந்த ஜே.சி. டேனியல், தம் சொத்தை விற்றுத் திருவனந்தபுரத்தில் படப்பிடிப்பு நிலையம் அமைத்து ‘விகதகுமாரன்’ என்னும் மௌனப் படத்தை எடுத்தார். பம்பாயிலிருந்து நடிகை ஒருவரை அழைத்துவரும் முயற்சி கைகூடாத நிலையில், சரோஜினி என்னும் நாயர் பெண் பாத்திரம் ரோசிக்குக் கிடைத்தது.

திருவனந்தபுரம் கேபிடல் அரங்கில் படம் திரையிடப்பட்டது. அந்த ஆண்டை 1928 என்றும் 1930 என்றும் இருவிதமாகக் குறிப்பர். தொடக்க விழாவில் நாயகிக்கே இடமில்லை; அவர் வந்தால் தாங்கள் வரமாட்டோம் என்று சாதி இந்துப் பிரமுகர்கள் மறுத்துவிட்டனர். திரையில் நாயர் பெண்ணாக அவர் தோன்றியதும், நாயகன் அவர் கூந்தலில் சூடிய பூவை முத்தமிட்டதும் பார்வையாளர்களை வெறிகொள்ளச் செய்தன. கற்கள் பறந்தன, திரை கிழிந்தது. பின்னர் அவரது குடிசைக்கும் தீ வைக்கப்பட்டது.

உயிர் பிழைக்க ஒரு லாரியில் ஏறித் தமிழ்ப் பகுதிக்குத் தப்பினார். அந்த லாரியின் ஓட்டுநரான கேசவ பிள்ளையை மணந்து, நாகர்கோவிலில் ராஜம்மாளாக வாழ்ந்தார். கணவர் நாயர். நாயர் பெண்ணாக நடித்ததற்காகத் துரத்தப்பட்டவர், நாயர் வீட்டு மனைவியாகத் தம் கடந்த காலத்தை மறைத்தே வாழ நேர்ந்தது. அதன்பின் அவர் திரையில் தோன்றவில்லை. 1988இல் மறைந்தார்.

கடல் கடந்தும் இத்தகைய விலக்கலைக் காண்கிறோம். அமெரிக்கக் கறுப்பின நடிகை ஹேட்டி மெக்டேனியல், தாம் நடித்த ‘கான் வித் த விண்ட்’ படத்தின் 1939 அட்லாண்டா முதற்காட்சிக்குச் செல்ல முடியவில்லை. நிறவெறிச் சட்டங்கள் தடுத்தன. 1940இல் ஆஸ்கர் விருது பெற்ற இரவிலும் அவருக்குத் தனி மேசையே ஒதுக்கப்பட்டது. ஆயினும் பணிப்பெண் வேடங்களிலேனும் அவரால் தொடர்ந்து நடிக்க முடிந்தது. ரோசிக்கு இரண்டாம் படமே இல்லை.

‘விகதகுமாரன்’ படச்சுருள் இன்று இல்லை. ரோசியுடையதாகப் புழங்கும் ஒளிப்படம் குறித்தும் ஐயமுண்டு. குன்னுக்குழி மணி போன்றோர் பல்லாண்டுகள் தேடி எழுதியதாலேயே அவர் வரலாறு மீண்டது. டேனியலின் வாழ்க்கையைச் சொன்ன ‘செல்லுலாயிட்’ 2013இல் வெளிவந்தபோது, ரோசியை அஞ்சி ஒடுங்கிய பேதையாகக் காட்டியதைத் தலித் பெண்ணியர்கள் கண்டித்தனர். அக்கண்டனம் நியாயமானது. யாரோ கண்டெடுத்துக் கைதூக்கிவிட்ட அபலையாக மட்டுமே அவரை நினைவுகூர்வது, கலைஞர் ரோசியை மீண்டும் அரங்கிற்கு வெளியே நிறுத்துவதாகும்.

இன்று சென்னையில் நீலம் பண்பாட்டு மையம் அவர் பெயரில் திரைப்பட விழா நடத்துகிறது. தம் முதற்காட்சிக்குள் நுழைய முடியாதவரின் பெயரால் அரங்கின் கதவுகள் திறக்கின்றன. அக்கதவு வழியே செல்லும் ஒடுக்கப்பட்ட பெண்கள், எந்த வேடத்தையும் ஏற்று நடிக்கத் தடையில்லாத காலம் வந்தாலன்றி அவருக்கான நீதி முழுமையடையாது.